கூடுதல் நெறிமுறை (அணுசக்திக் கண்காணிப்பு)

கூடுதல் நெறிமுறை என்பது அணுசக்திப் பணிகள் ஆயுதத் தயாரிப்புக்குத் திருப்பப்படவில்லை என்று சரிபார்க்க, சர்வதேச அணுசக்தி முகமைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் ஒப்பந்தம். வியன்னாவில் உள்ள முகமையின் ஆளுநர் குழு 1997-இல் இதன் மாதிரி வடிவை ஏற்றது. 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது நடைமுறையில் உள்ளது.

இதற்கு வித்திட்டது ஈராக். 1970-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின்படி, அணு ஆயுதமற்ற நாடுகள் தம்மிடமுள்ள அணுப்பொருள் முழுவதையும் கணக்கில் காட்ட வேண்டும். முகமையின் ஆய்வாளர்களோ நாடுகள் காட்டிய கணக்கைத்தான் சரிபார்த்தார்கள். 1991 வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கின் ரகசிய ஆயுதத் திட்டம் அம்பலமானது. அதன் ஒரு பகுதி, ஆய்வாளர்கள் வழக்கமாக வந்துபோன துவைதா அணுசக்தி வளாகத்திலேயே நடந்திருந்தது.

புதிய நெறிமுறை சுரங்கம் முதல் கழிவு வரை விவரம் கேட்கிறது. அறிவிக்கப்படாத இடங்களுக்கும் ஆய்வாளர்கள் செல்லலாம். பொதுவாக 24 மணி நேர முன்னறிவிப்பு போதும். ஏற்கெனவே ஒரு வளாகத்துக்குள் இருந்தால் 2 மணி நேரமே போதும். சுவரையும் கருவியையும் பருத்தித் துணியால் துடைத்தெடுத்துச் சோதித்தால், கண்ணுக்குத் தெரியாத யுரேனியத் துகளும் அங்கு நடந்ததைச் சொல்லிவிடும். ஒரு குண்டுக்குப் போதுமானது என முகமை கொள்ளும் அளவு 8 கிலோ புளூட்டோனியம். உயர் செறிவு யுரேனியமானால், அதில் 25 கிலோ யுரேனியம்-235.

இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரவில்லை. அதன் கூடுதல் நெறிமுறை 2014-இல் நடைமுறைக்கு வந்தாலும், மாதிரி வடிவைவிட மிகக் குறுகியது. கூடங்குளம் உலைகள் முகமையின் கண்காணிப்பில் உள்ளன. கல்பாக்கத்தின் அதிவேக ஈனுலை அதற்கு வெளியே நிற்கிறது.

நெறிமுறையின் பலவீனம் அறிவியலில் இல்லை, நாடுகளின் இசைவில் இருக்கிறது. ஈரான் 2003-இல் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. தானாக முன்வந்து கடைப்பிடித்ததையும் 2021 பிப்ரவரியில் நிறுத்தியது. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் தாக்கியபோது, 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் அங்கே சுமார் 440 கிலோ இருந்ததாக முகமை கணித்தது. தாக்குதலுக்குப் பின் அதை நேரில் சரிபார்க்க ஆய்வாளர்களால் முடியவில்லை. குண்டு வீசி உலையைத் தகர்க்கலாம், கணக்கைச் சரிபார்க்க முடியாது.

அடுத்த சோதனை கடலுக்கடியில் வரும். நீர்மூழ்கிக் கப்பலின் உலைக்கான அணுப்பொருளை வழக்கமான கண்காணிப்பிலிருந்து விலக்கிக்கொள்ள, பரவல் தடை ஒப்பந்தத்தின் கீழுள்ள பழைய கண்காணிப்பு விதியே இடம் தருகிறது. இதுவரை எந்த நாடும் அதைப் பயன்படுத்தியதில்லை. ஆஸ்திரேலியாவும் பிரேசிலும் அத்தகைய கப்பல்களுக்குத் திட்டமிட்டுள்ளன. ஆஸ்திரேலியா கூடுதல் நெறிமுறையை ஏற்ற முதல் நாடு. பிரேசில் அதில் கையெழுத்திடவில்லை.