பிரிக்காத டக்

"ரெண்டு வருஷமா இதே யூனிஃபார்ம் பாவாடைதான் சிஸ்டர். ஒரு டக்குகூடப் பிரிக்கல" என்றார் அந்தத் தாய். பெண்ணுக்கு 9 வயது. பார்த்தால் 6 சொல்லலாம். "எங்க மாமியார் வீட்ல எல்லாருமே குட்டை" என்று காரணமும் வைத்திருந்தார். பழைய அளவுச் சீட்டு எதுவும் அவரிடம் இல்லை. குழந்தைகள் வார்டில் 26 ஆண்டுகள் உயரம் அளந்தவள் நான். அன்று என் அளவைவிட அந்தப் பாவாடையைத்தான் நம்பினேன்.

ஒருநாள் அளவு உயரத்தைத்தான் சொல்லும். குழந்தை வளர்கிறதா, நின்றுவிட்டதா என்பதற்கு முந்தைய அளவும் வேண்டும். அப்படித் தொடர்ந்து அளந்து முதலில் குறித்துவைத்தவர் மருத்துவரல்ல, ஒரு தகப்பன். பிரான்சில் மோன்பெயார் என்ற பிரபு, 1759இல் பிறந்த தன் மகனை 1777 வரை, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொரு முறை அளந்துகொண்டே இருந்தார். நண்பர் புஃபோன் தம் இயற்கை வரலாற்று நூலில் அந்தக் கணக்கை அச்சேற்றினார். பையன் குளிர்காலத்தைவிடக் கோடையில் கூடுதலாக வளர்ந்ததுகூட அதில் தெரிந்தது. பிறந்தவுடன் பெருவேகம், பிறகு நிதானம், பதின்வயதில் ஒரு பாய்ச்சல் என்று இன்று நாம் அறிந்த வளர்ச்சிக் கோடு முழுவதும் அந்த ஒரு பிள்ளையின் எண்களிலேயே இருக்கிறது.

அந்தப் பொறுமை மருத்துவத்துக்குள் வர நெடுங்காலம் ஆனது. 1948இல் இங்கிலாந்தில், ஹார்ப்பெண்டன் ஊரின் குழந்தைகள் இல்லத்தில் மருத்துவர் ஜேம்ஸ் டானர் வளர்ச்சி ஆய்வைத் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அநேகமாக எல்லாப் பிள்ளைகளையும் அளந்தவர் அவருடைய துணைவர் ரெஜினால்டு வைட்ஹவுஸ். குதிகால் தரையில் பதிய நிறுத்தி, காதுக்குப் பின்னுள்ள எலும்பில் கைகொடுத்து மெல்ல மேலே ஏந்தி அளக்கும் முறையும் அவர்கள் பழக்கியது. ஒரே கை, ஒரே முறை. 1966இல் அவர்கள் வெளியிட்ட அட்டவணைகளில் உயரத்தோடு, ஆண்டுக்கு எத்தனை சென்டிமீட்டர் என்ற வேகமும் இருந்தது.

பள்ளி வயதுப் பிள்ளை ஆண்டுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வளரும். பரம்பரைக் குட்டையென்றாலும் வேகம் பெரிதாகக் குறையாது. குறைந்தால் தைராய்டோ, குடலோ, பிட்யூட்டரியோ, பெண்ணானால் டர்னர் குறைபாடோ என்று தேட வேண்டும்.

அளவே பிழையானால் வேகமும் பிழைதான். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் டேப் சுவரில் ஒட்டியிருந்தது. பழைய தரைமேல் டைல்ஸ் போட்டார்கள். டேப்பை யாரும் மாற்றவில்லை. பல மாதம் எல்லாப் பிள்ளைகளும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாகவே பதிவானார்கள். வளராத பிள்ளையும் வளர்ந்ததாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

டக் பிரிக்காத பாவாடையில் வந்த அந்தப் பெண்ணுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு. தினம் ஒரு மாத்திரை. மறு ஆண்டு அதே நீலப் பாவாடையில் வந்தாள். இரண்டு டக்கும் பிரித்திருந்தார்கள். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வெளுக்காமல், இரண்டு பட்டையாகக் கருநீலமாய்த் தெரிந்தது.