காத்திருப்பதும் வேலைதானா?

கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் இடையே குமாரபுரம் என்றொரு சிறிய இரயில் நிலையம் உண்டு. பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி அந்தப் பெயரையே தலைப்பாக்கி ஒரு சிறுகதை எழுதியதால், அங்கு ஒருமுறையேனும் இறங்கியிராத தமிழ் வாசகர்களும் அதை அறிவர். இத்தகைய சிறு நிலையத்தில் வண்டி வந்து நின்று புறப்படும் நேரத்தை ஒரு நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தாலும் பெரிதாகத் தேறாது. மீதி நேரமெல்லாம் காத்திருப்பே. அந்தக் காத்திருப்பை வேலை என்று கணக்கிடுவதா, ஓய்வு என்று கணக்கிடுவதா? நூறாண்டுகளாக நம் நாட்டு இரயில்வேயில் பணி நேரம் பற்றி நடந்து வந்த வழக்கின் உள்ளே கிடப்பது இந்த ஒரே கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது 1876ஆம் ஆண்டு சனவரி முதல் நாள். அதற்கு ஈராண்டு முன்னர் உருவான தென்னிந்திய இரயில்வே அதை நடத்தியது. கரிசலில் விளைந்த பருத்தியைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பது அப்பாதையின் முதன்மையான பயன்களில் ஒன்று. எட்டயபுரம் சமீனைச் சூழ்ந்த சிற்றூர்களிடையே கோவில்பட்டி நகரமாக வளர்ந்ததற்கும் அந்தப் பாதையே பெருங்காரணம்.

பாதை வந்தபோது கூடவே கடிகாரமும் வந்தது. அதுவரை கரிசல்காட்டு மனிதருக்கு நேரம் என்பது வெயிலும் விண்மீனும்தான். இரயிலோ சென்னை நேரப்படி ஓடியது; 1906இல்தான் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. நள்ளிரவு இரண்டு மணியும் பகல் இரண்டு மணியும் ஒரே மதிப்புடைய நேரங்கள் என்பதை இந்த மண்ணுக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தது இரயில் அட்டவணையே எனலாம்.

உழவனும் ஒழுங்கற்ற நேரத்தில் உழைப்பவன்தானே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். புரட்டாசி, ஐப்பசியில் ஈரம் காணும்போது இரவு பகல் பாராமல் விதைத்தாக வேண்டும். பருத்தி வெடிக்கும்போது குடும்பமே காட்டில் கிடக்கும். ஆனால் கோடையில் நிலமும் ஓயும், மனிதனும் ஓய்வான். இருப்புப்பாதைக்குக் கோடை இல்லை. அதன் ஒழுங்கின்மை ஆண்டு முழுவதும், ஒரு தலைமுறை முழுவதும் நீளக்கூடியது.

அந்தப் பாதையின் மறுமுனையாகிய தூத்துக்குடியில் 1908 பிப்ரவரியின் இறுதியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். நம் ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வோடு வேலை நேரக் குறைப்பும் ஞாயிறு விடுமுறையும் அவர்களுடைய கோரிக்கைகள். மார்ச் முதல் வாரத்தில் ஆலை நிருவாகம் இறங்கிவந்தது. ஆலை தன் இயந்திரத்தை ஞாயிறன்று நிறுத்திவிடலாம். ஆனால் வண்டியை நிறுத்த முடியாது. அதே தூத்துக்குடிக்கு அதே ஞாயிறன்று வண்டி ஓட்டி வந்தவருக்கு யார் விடுமுறை தருவது? வரலாற்று நூல்கள் மணியாச்சி நிலையத்தை 1911 சூன் 17ஆம் நாளில் வாஞ்சிநாதன் சுட்ட துப்பாக்கியால் நினைவுகூர்கின்றன. அன்று காலையில் அங்கே பணியிலிருந்த பாயிண்ட்ஸ்மேன் எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. வரலாறு அவரிடம் அதைக் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய கட்டாயம் வெளியிலிருந்துதான் வந்தது. 1919இல் வாஷிங்டனில் கூடிய முதல் பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. இந்தியாவுக்கு மட்டும் ஒரு சலுகை, அதாவது வாரம் 60 மணி. இங்கிருந்து தொழிலாளர் பேராளராகச் சென்றவர் என். எம். ஜோஷி. 1921இல் இந்திய அரசு அந்த உடன்படிக்கையை ஏற்றது. ஆயினும் இரயில்வேக்கென்று சட்டம் திருத்தப்பட 1930 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் திருத்தம்தான் தொழிலாளரை இரண்டாகப் பிரித்தது. தொடர்ச்சியாக வேலை உள்ளவர்க்கு மாதச் சராசரியாக வாரம் 60 மணி. 'இயல்பாகவே இடைவிட்ட வேலை' உள்ளவர்க்கு வாரம் 84 மணி. எண்பத்து நான்கு என்பது நாள்தோறும் பன்னிரண்டு மணி, ஏழு நாளும். வண்டியோடு ஓடும் டிரைவர், கார்டு போன்றோரையோ அன்றைய விதிகள் தம் எல்லைக்குள் கொண்டு வரவே இல்லை.

இடைவிட்ட வேலை என்பதன் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிப் பணியில் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஒருவர் உடலால் உழைக்கவோ தொடர்ந்து கவனம் செலுத்தவோ தேவைப்படாவிட்டால், அவ்வேலை இடைவிட்டது எனப்படும். அதிலும் ஒரு மணி நேரமோ, அரைமணி வீதம் இருமுறையோ அவர் சும்மா இருந்திருக்க வேண்டும். இதை அறிய ஆளை அனுப்பி, பணியாளர் பக்கத்தில் உட்கார வைத்து, நிமிடக் கணக்கில் எழுதி எடுப்பார்கள். 'ஜாப் அனாலிசிஸ்' என்று இதற்குப் பெயர். கேட்டை மூடியது மூன்று நிமிடம், கொடி காட்டியது ஒரு நிமிடம், தொலைபேசி எடுத்தது இரண்டு நிமிடம், சும்மா இருந்தது இருபத்தைந்து நிமிடம் என்று கணக்கு போகும்.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் கேட்காரர் என்ன செய்கிறார்? நிலைய அதிகாரி தொலைபேசியில் அழைத்து வண்டி வருகிறது என்பார். கேட்டை மூடிவிட்டு, அதற்கு அடையாளமாக ஒரு இரகசிய எண்ணை இவர் சொல்ல வேண்டும். இருவரும் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த மணி எப்போது ஒலிக்கும் என்று தெரியாது. கண் அயர்ந்துவிட்டால் ஒலித்தது கேட்காது. அப்படியானால் அவர் அந்த இருபத்தைந்து நிமிடமும் செவியால் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறார். உழைப்பின் அடையாளம் தாளில் ஏறவில்லை, அவ்வளவே. விடியலுக்காகக் காத்திருக்கும் காவலரை ஆன்மாவின் ஏக்கத்துக்கு உவமையாக்கிய திருப்பாடல் ஆசிரியருக்குக் காவல் எவ்வளவு கடினம் என்பது தெரிந்திருந்தது.

நிருவாகத்தின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு மணி முறையில் ஒரு கேட்டுக்கு இருவர் போதும். எட்டு மணி முறையில் மூவர் வேண்டும். அவர்கள் வார ஓய்வில் போகும்போது மாற்றாள் வேண்டும். நாடெங்கும் ஆயிரக்கணக்கான கேட்டுகள் இருக்கும்போது இது சிறிய செலவன்று. பன்னிரண்டு மணி முறையை விரும்பிய ஊழியரும் இல்லாமலில்லை. பகலில் கொஞ்சம் ஆடு, கொஞ்சம் மானாவாரி நிலம் என்று பார்த்துக்கொள்ள அது வசதியாயிருந்தது என்று ஒருவர் என்னிடமே சொல்லியிருக்கிறார். ஆனால் பகலில் ஆடு மேய்த்தவர் இரவில் விழித்திருக்க வேண்டுமே என்பதை எந்தக் கணக்கும் கண்டுகொள்ளவில்லை.

1946இல் நீதிபதி ராஜாத்யக்ஷா நடுவராக அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டு அவர் தந்த தீர்ப்பு, கடும் கவனம் வேண்டும் வேலைக்கு வாரம் 45 மணி, தொடர்ச்சியான வேலைக்கு 54, இடைவிட்ட வேலைக்கு 75 என்று வகுத்தது. அதே காலத்தில் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி சட்டமாகிவிட்டது. வியப்பு என்னவென்றால், 1947இன் அந்த 75 மணி 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 132ஆம் பிரிவிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

நான் கரிசல் பகுதிப் பங்கொன்றில் பணியாற்றிய நாள்களில், ஓய்வுபெற்ற நீராவி எஞ்சின் டிரைவர் ஒருவர் மாலைத் திருப்பலி முடிந்ததும் வந்து பேசிக்கொண்டிருப்பார். மீட்டர் கேஜ் பாதையில் ஒய்.பி., ஒய்.ஜி. எஞ்சின்களை ஓட்டியவர். "சாமி, எங்களுக்குக் கிழமை கிடையாது, வண்டி நம்பர்தான் உண்டு" என்பார். நள்ளிரவில் 'கால்பாய்' வந்து கதவைத் தட்டிப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். லைன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். திரும்பும் நேரம் மனைவிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு வழிவிட்டுச் சரக்கு வண்டி மணிக்கணக்கில் லூப் பாதையில் கிடக்கும். அதுவும் ஓய்வாகத்தானே இருந்திருக்கும் என்று அறியாமல் கேட்டுவிட்டேன். சிரித்தார். "வண்டி நின்னாலும் நெருப்பு நிக்காது சாமி. பயர்மேன் கரி போட்டுக்கிட்டே இருக்கணும், நான் தண்ணி மட்டத்தப் பார்த்துக்கிட்டே இருக்கணும்." இந்தக் கட்டுரைக்கு வித்து அந்த ஒரு வாக்கியமே.

எஞ்சின் ஊழியர்களின் அகில இந்தியச் சங்கம் 1973இல் நடத்திய வேலைநிறுத்தங்கள் இதைத்தான் கேட்டன. ஆகஸ்டு நடுவில் இரயில்வே அமைச்சர் லலித் நாராயண் மிஸ்ரா, பணியேற்பது முதல் பணி முடிப்பது வரை பத்து மணி என்பதை ஏற்றுக்கொண்டார். பெரிய வெற்றிதான். ஆனால் பின்னாளைய ஆணைகள் வண்டி ஓடும் நேரம் வேறு, மொத்தப் பணி நேரம் வேறு என்று பிரித்தன. எஞ்சினைச் சோதித்து வாங்கும் நேரமும், சிக்னலுக்குக் காத்து நிற்கும் நேரமும் எதில் சேரும் என்ற வாதம் மீண்டும் தொடங்கியது. கேட்காரரின் இருபத்தைந்து நிமிடம் எஞ்சினிலும் ஏறிக்கொண்டது எனலாம்.

1974 மே 8 முதல் 27 வரை நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 17 இலட்சம் பேர் பங்கேற்றனர். எட்டு மணி நேர வேலை அதன் கோரிக்கைகளுள் ஒன்று. தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தொடங்குமுன்னரே கைதானார். பல்லாயிரவர் சிறை சென்றனர், வேலை இழந்தனர். குவார்ட்டர்சிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1977இல் ஆட்சி மாறியபின் மது தண்டவதே அமைச்சராகி, நீக்கப்பட்டவர்களை மீண்டும் பணியில் சேர்த்தார். போனஸ் கோரிக்கை 1979இல் ஒருவாறு நிறைவேறியது. எட்டு மணி எல்லார்க்கும் கிட்டவில்லை.

இதையெல்லாம் திருச்சபையின் இதழில் எழுதுவானேன் என்று கேட்போர் உண்டு. 1891இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் பணி நேரத்தைப் பற்றிப் பேசுகிறது. எட்டு என்றோ பத்து என்றோ அது எண் குறிக்கவில்லை. வேலையின் தன்மை, காலம், இடம், உழைப்பவரின் உடல்நிலை ஆகியவற்றைப் பார்த்து, இழந்த வலிமையை மீட்டுத் தரும் அளவுக்கு ஓய்வு இருக்க வேண்டும் என்கிறது. அங்கே அளவுகோல் செய்த செயலின் எண்ணிக்கையாக இல்லை. மனிதன் எவ்வளவு தேய்ந்தான் என்பதாக இருக்கிறது. நிமிடக் கணக்கு எழுதுவோர் கையில் இந்த அளவுகோல் இருந்திருந்தால் 84 என்ற எண் பிறந்திருக்குமா என்பது ஐயமே.

பிற்காலச் செய்திகளும் இதே கேள்வியைத்தான் சுற்றுகின்றன. 2024 சூனில் தென்னக இரயில்வேயின் எஞ்சின் ஓட்டுநர்கள் பலர், பணி முடிந்து கிடைக்கும் 16 மணி ஓய்வோடு வார ஓய்வு 30 மணியையும் சேர்த்து 46 மணி தரவேண்டும் என்றும், தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் பணி கூடாது என்றும் போராடினர். பதினாறு மணி ஓய்வு வார ஓய்வுக்குள் அடங்கும் என்பது நிருவாகத்தின் கணக்கு. 2025 சூலை 8ஆம் நாள் காலை கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது பயணிகள் வண்டி மோதி மூன்று மாணவர் இறந்தனர். சிக்னலோடு பிணைக்கப்படாத கேட்டு அது. தொலைபேசியும் மனிதரின் கவனமுமே அதன் பூட்டு. அங்கே தவறியது யார் என்று தீர்ப்பளிக்கும் இடத்தில் நான் இல்லை. அந்தக் குழந்தைகளுக்காகத் திருப்பலியில் மன்றாடினோம். அதன்பின் கேட்காரர்களின் பன்னிரண்டு மணி முறை பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. மூன்று குழந்தைகளுக்குப் பின் எழுந்த பேச்சு.

மதுரை - மணியாச்சிப் பாதை இன்று இரட்டைப் பாதை. மின்சாரத்தில் வண்டிகள் ஓடுகின்றன. கேட்டுகள் பல மேம்பாலமாகவும் சுரங்கப்பாதையாகவும் மாறிவிட்டன. மீந்திருக்கும் கேட்டுகளில் ஒன்றில் பணிபுரிந்த பங்கு உறுப்பினர் ஒருவருக்கு, ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. நல்ல குரல். எந்த ஞாயிறு என்று முன்கூட்டிச் சொல்ல அவரால் முடியவில்லை. ஒருநாள் மாற்றுப்பணி அட்டவணையை ஒரு தாளில் எழுதி, தனக்குக் காலை ஓய்வாக இருக்கும் ஞாயிறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொண்டுவந்து தந்தார். மூன்று மாதத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. அதைச் சக்றீஸ்துக் கதவில் வாசகர் பட்டியலுக்குப் பக்கத்தில் ஊசியால் குத்தி வைத்தேன். முதல் வட்டத்தன்று மாற்றாள் வராததால் அவர் வரவில்லை. இரண்டாம் வட்டத்தன்று, இரவுப் பணி முடிந்து, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, முதல் வாசகத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தார்.