விசைத்தறி நெம்புருள் தேர்வு

விசைத்தறி நெம்புருள் என்பது, சுழலும் தண்டின் இயக்கத்தை விழுதுகளின் ஏற்ற இறக்கமாகவும் நாடாவின் வீச்சாகவும் மாற்றித் தரும் தறி உறுப்பு ஆகும். இது பொதுவாக கேம் என்றும், தறித் தொழிலில் டேப்பட் என்றும் அழைக்கப்படுகிறது. நெய்ய வேண்டிய துணி, தறியின் அகலம், வேகம் ஆகியவற்றுக்கு ஏற்ற நெம்புருளைத் தேர்ந்து சரியான கோணத்தில் பூட்டுவது நெம்புருள் தேர்வு எனப்படும். மோட்டார் வாகனப் பொறிக்கு நெம்புருள் தண்டு தேர்வதும் இதே அடிப்படையில் அமைந்ததாகும்.

கோயம்புத்தூர் மாவட்டம் சூலூர் வட்டத்திலுள்ள சோமனூர், விசைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊராகும். இங்கும் சுற்றுவட்டாரங்களிலும் காடா துணி பெருமளவில் நெய்யப்படுகிறது.

அமைப்பு

எட்மண்ட் கார்ட்ரைட் 1785 இல் இங்கிலாந்தில் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். 1840களில் உருவான லங்காஷயர் தறியின் அமைப்பே சாதாரண நாடாத் தறிகளுக்கு அடிப்படையாகும். இதில் இரு முதன்மைத் தண்டுகள் உள்ளன.

வணரித்தண்டு: மேலே அமைந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை அச்சை முன்னே தள்ளி ஊடை நூலைத் துணியுடன் சேர்த்து அடிக்கிறது.

அடித்தண்டு: நெம்புருள்களைத் தாங்குவது. பற்சக்கரங்களின் வழியே வணரித்தண்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது.

சாதா நெசவில் ஒவ்வொரு பாவு நூலும் ஓர் ஊடைக்கு மேலும் அடுத்த ஊடைக்குக் கீழும் செல்கிறது. இரண்டு ஊடைகளில் ஒரு சுழற்சி முடிவதால் பாதி வேகம் பொருந்துகிறது. இரு விழுது நெம்புருள்களும் ஒன்றுக்கொன்று 180 பாகை எதிராகப் பூட்டப்படுகின்றன. ஒன்று தன் மிதியை அழுத்தும்போது ஒரு விழுது இறங்குகிறது; மேலேயுள்ள உருளையில் கட்டப்பட்ட மற்ற விழுது ஏறுகிறது. இதனால் உண்டாகும் பாவுத் திறப்பின் வழியே நாடா செல்கிறது. நாடாவை அடிக்கும் நெம்புருள்கள் அடித்தண்டின் இரு பக்கங்களிலும் பூட்டப்பட்டு, மாறி மாறி வேலை செய்கின்றன.

தேர்வுக்கான கூறுகள்

ஏற்றம்: பின்னாலுள்ள விழுது, துணியின் விளிம்பிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதால் கூடுதலாக அசைய வேண்டும். எடுத்துக்காட்டாக, முன் விழுது 20 செ.மீ. தொலைவிலும் பின் விழுது 24 செ.மீ. தொலைவிலும் இருந்து, முன் விழுதுக்கு 9 செ.மீ. அசைவு தேவையெனில், பின் விழுதுக்கு 10.8 செ.மீ. தேவை. நெம்புருள் அழுத்தும் இடம் மிதியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குத் தொலைவில் இருந்தால், நெம்புருள்களின் ஏற்றம் முறையே 6 செ.மீ., 7.2 செ.மீ. ஆகும். இவை இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினால் திறப்பு ஒழுங்காக அமையாது. நாடா பாவு நூல்களில் உரசும்.

நிலைக்காலம்: நாடா கடந்து செல்லும் வரை விழுதுகள் அசையாமல் நிற்கும் காலம். குறுகிய தறிகளில் இது ஓர் ஊடைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்காகவும் (வணரித்தண்டில் 120 பாகை), அகலத் தறிகளில் பாதியாகவும் அமைவதுண்டு. நிமிடத்துக்கு 150 சுற்று ஓடும் தறியில் ஓர் ஊடைக்கு 0.4 நொடியே உள்ளது. நிலைக்காலம் மூன்றில் ஒரு பங்கானால் நாடாவுக்கு 0.13 நொடியும் விழுதுகள் இடம் மாற 0.27 நொடியும் கிடைக்கின்றன. பாதியானால் இரண்டுக்கும் 0.2 நொடி மட்டுமே. நாடாவுக்குக் கொடுத்த நேரம் விழுதிலிருந்து எடுக்கப்படுவதால், விழுது வேகமாக அசைந்து பாவு நூலை இழுக்கிறது. இழை அறுதல் கூடுவது இதன் விளைவாகும்.

பூட்டும் கோணம்: அச்சு துணியை அடிக்கும் நிலை 0 பாகை எனக் கொள்ளப்படும். விழுதுகள் 270 பாகை அளவிலேயே ஒன்றையொன்று கடக்குமாறு பூட்டினால், அடிக்கும்போது பாவு நூல்கள் குறுக்கே மாறி ஊடையைப் பிடித்துக்கொள்கின்றன. நெருக்கமான ஊடையுள்ள துணிக்கு இது ஏற்றது. ஆனால் பாவின் இழுவிசை கூடுகிறது. மெலிந்த நூலுக்கு 0 பாகையை ஒட்டிக் கடக்கும் பூட்டு பாதுகாப்பானது.

நெசவு வகை: மூன்று இழை, நான்கு இழைச் சாய்வரி நெசவுகளுக்கு அடித்தண்டின் பாதி வேகம் பொருந்தாது. வணரித்தண்டின் மூன்றில் ஒரு பங்கு அல்லது நான்கில் ஒரு பங்கு வேகத்தில் சுழலும் தனித்தண்டு தேவை. சுழற்சி ஏறக்குறைய எட்டு ஊடைகளைத் தாண்டினால் டாபியும், பெரிய உருவங்களுக்கு ஜக்கார்டும் பயன்படுகின்றன.

நாடா வீச்சு

நாடாவை அடிக்கும் நெம்புருளின் மூக்குப்பகுதி தேய்ந்தால் வீச்சு குறைகிறது. நாடா எதிர்ப்பெட்டியை அடையுமுன் திறப்பு மூடினால், நூற்றுக்கணக்கான பாவு நூல்கள் ஒரே நேரத்தில் அறுபடலாம். வீச்சு மிகுந்தால் நாடா பெட்டியில் மோதித் திரும்புகிறது. தாரிலுள்ள நூல் சரிகிறது. தறியிலிருந்து வெளியே பாயும் நாடா தொழிலாளரைக் காயப்படுத்தவும் கூடும். நாடாவின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதமானது. ஆகவே நாடாவின் வேகத்தை 10 விழுக்காடு கூட்டினால் ஆற்றல் 21 விழுக்காடு கூடுகிறது.

மோட்டார்ப் பொறியுடன் ஒப்பீடு

நான்கு வீச்சுப் பொறியிலும் நெம்புருள் தண்டு வணரித்தண்டின் பாதி வேகத்தில் சுழல்கிறது. அங்கு விழுதுக்குப் பதில் வால்வும், நாடாவுக்குப் பதில் காற்று எரிபொருள் கலவையும் உள்ளன. 1964 இல் வெளிவந்த பான்டியாக் ஜிடிஓ போன்ற அமெரிக்க 'மசில் கார்'களின் வி-8 பொறிகளைப் புதுப்பிப்போர், வால்வின் ஏற்றம், திறந்திருக்கும் கோணம், உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு நெம்புருள் தண்டைத் தேர்கின்றனர். திறந்திருக்கும் கோணம் கூடினால் உயர் வேகத்தில் திறன் கூடும். ஆனால் குறைந்த வேகத்தில் இழுவிசை குறைந்து பொறி சீரற்று ஓடும். அமுக்க விகிதம், வால்வு சுருள்வில், பல்சக்கர விகிதம் ஆகியவற்றையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். எனவே மிகப் பெரிய நெம்புருளே சிறந்தது என்பது தறியிலும் பொறியிலும் பொருந்தாது.

பொருளாதார முக்கியத்துவம்

சோமனூர் வட்டாரத்தில் தறி உரிமையாளர் பலர், ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து பாவும் ஊடை நூலும் பெற்றுக் கூலிக்கு நெய்து கொடுக்கின்றனர். கூலி உயர்வு கோரி 2022 இலும் 2025 இலும் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நெய்த துணிக்கே கூலி என்பதால், இழை அறுந்து தறி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் வருவாய் இழப்பாகும். வேகத்தை மட்டும் கூட்டி நெம்புருளைக் கவனிக்காமல் விடும் தறி, மெதுவாக ஓடும் சீரான தறியைவிடக் குறைவாக நெய்யக்கூடும். நாடா இல்லாத ரேப்பியர் தறிகளிலும் நெம்புருள்கள் பயன்படுகின்றன. அவற்றிலும் ஏற்றம், நிலைக்காலம், கோணம் ஆகிய மூன்றுமே அடிப்படை அளவுகளாகும்.

இவற்றையும் பார்க்க

விசைத்தறி
கைத்தறி
உள் எரி பொறி
சோமனூர்