தேர்வாளர்–நிர்வாக முரண்பாடு (கிரிக்கெட்)

தேர்வாளர்–நிர்வாக முரண்பாடு என்பது, வீரரின் திறனை மதிப்பிடுவோருக்கும் அணியை நடத்துவோருக்கும் இடையே தெரிவு குறித்து எழும் கருத்து மோதலாகும். அமெரிக்கப் பேஸ்போலில் 1965 முதல் நடைபெறும் புதுமுக வீரர் தெரிவில், திறன் தேடுநர்களும் கழக நிர்வாகமும் இவ்வாறு மோதுவதுண்டு. இலங்கையில் இது பெரும்பாலும் கிரிக்கெட் சார்ந்தது.

இங்கு முரண்பாடு மும்முனைப்பட்டது. தேர்வுக்குழு, பயிற்றுநர் உள்ளிட்ட அணி முகாமைத்துவம் ஆகியவற்றுடன் அரசும் இதில் ஒரு தரப்பாகும். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ், தேசிய அணிக்கு விளையாட்டுத்துறை அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். இதனால் தேர்வாளரின் முடிவு இறுதியானதாக அமைவதில்லை. இந்த முரண்பாட்டின் வேர் இதுவே எனலாம்.

எடுத்துக்காட்டாக, மாத்தளை மாவட்டத்தின் ரங்கிரி தம்புள்ளை மைதானத்தில் 2017 ஆகஸ்ட் 20 அன்று இந்தியாவிடம் இலங்கை 9 விக்கெட்டுகளால் தோற்றது. ரசிகர்கள் அணியின் பேருந்தை மறித்தனர். இடைக்காலப் பயிற்றுநர் நிக் போதாஸ் வெளித்தலையீட்டை வெளிப்படையாகக் குறை கூறினார். இந்தியாவுடனான அத்தொடர் முடியுமுன்பே சனத் ஜயசூரிய தலைமையிலான தேர்வுக்குழு பதவி விலகலை அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், அமைச்சரின் ஒப்புதல் பெறாத காரணத்தால், இந்தியாவுக்குப் புறப்படவிருந்த ஒன்பது வீரர்கள் தடுத்து நிறுத்தப்பட்டனர். 2018இல் அணித் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்ட அஞ்சலோ மத்தியூஸ், தாம் பலிக்கடா ஆக்கப்பட்டதாக இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்.

2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் தம்புள்ளையின் பெயரிலும் ஓர் அணி உண்டு. தேசிய அணிக்கு மாறாக, இந்த லீக்கில் வீரர் தெரிவு தேசியத் தேர்வுக்குழுவிடம் அன்றி, அணி உரிமையாளரிடமும் பயிற்றுநர் குழுவிடமும் உள்ளது.