போர்வீரர் பொம்மை உருமாற்றம்: மாசிடோனியரும் இந்தியரும்

கடையில் வாங்கிய பொம்மை வீரரை வெட்டி, ஒட்டி, வண்ணம் மாற்றி, குறிப்பிட்ட ஒரு காலத்துப் போர்வீரராக ஆக்கும் கைவேலையே போர்வீரர் பொம்மை உருமாற்றம். கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் மாசிடோனிய மன்னர் அலெக்சாந்தரும் இந்திய மன்னர் போரஸும் மோதிய போர் இதற்கு வளமான கருப்பொருள். பொம்மையை மாற்றி அழகு பார்ப்பது தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. நவராத்திரி தோறும் மரப்பாச்சிக்குப் புத்தாடை கட்டுகிறோம். வண்ணம் மங்கிய கொலு பொம்மைக்கு மறுபூச்சு கொடுக்கிறோம். இங்கே கூடுதலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. பொம்மையின் கையில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும்.

மாசிடோனியருக்குச் சான்று தாராளம். பொம்பெயியில் 1831இல் வெளிப்பட்ட அலெக்சாந்தர் மொசைக்கும், சீதோனில் 1887இல் கிடைத்து இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ள கல் பேழையும் ஆடையின் நிறத்தைக்கூடக் காட்டுகின்றன. கடைகளில் அதிகம் கிடைப்பவர் பெரிய கேடயமும் குட்டை ஈட்டியும் ஏந்திய பழைய கிரேக்கக் காலாள். அவரை மாசிடோனியராக்க அவ்விரண்டையும் மாற்ற வேண்டும். சாரிசா என்னும் ஈட்டி ஏறத்தாழ 5.5 மீட்டர் நீளம். 72இல் ஒரு பங்கு அளவில் அது 7.6 செ.மீ., அதாவது பொம்மையின் உயரத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். தென்னை ஈர்க்கைச் சீவினால் அருமையாக அமையும். இரு கையும் ஈட்டியைப் பிடிப்பதால் கேடயம் தோள்வாரில் தொங்கும். இந்த அளவில் அதன் குறுக்களவு 9 மி.மீ. போதும்.

இந்திய வீரரிடம்தான் தவறுகள் மலிகின்றன. ராஜபுத்திரத் தலைப்பாகையும் முகலாயர் காலத்து வளைந்த வாளும் கொண்ட பொம்மையைப் போரஸின் படைவீரர் என்று நிறுத்துவது இரண்டாயிரம் ஆண்டுப் பிழை. அது அந்த வீரர்களுக்கு இழைக்கும் அநீதியும்கூட. அலெக்சாந்தரின் கடற்படைத் தளபதி நியார்க்கஸ் கண்டதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் பதிவு செய்திருக்கிறார். அதன்படி வில் ஆளுயரம். ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி நாணை இழுப்பார்கள். அம்பு மூன்று முழத்துக்குச் சற்றே குறைவு. கேடயம் பதனிடாத மாட்டுத்தோல். ஆளைவிடக் குறுகியது, உயரத்தில் ஏறக்குறைய ஆளுக்குச் சமம். அகன்ற வாளை நெருங்கிப் போரிடும்போது இரு கையாலும் வீசுவார்கள். பளீரென்ற வெள்ளைப் பருத்தி ஆடை கெண்டைக்கால் நடு வரை இறங்கும். தாடிக்கு வெண்மை, கருநீலம், சிவப்பு, ஊதா, பச்சை என்று சாயம் ஏற்றிக்கொள்வார்களாம். தூரிகை பிடிப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்!

நிற்கும் வில்லாளியின் இடக்காலை வெட்டி முன்னே மடக்கி ஒட்டுவதே இவ்வேலையில் கடினமான இடம். யானைக்கு அதைவிடச் சுலபமான திருத்தம் போதும். முதுகில் கோபுரத்தோடு விற்கப்படும் போர்யானையிலிருந்து கோபுரத்தைக் கழற்றிவிட வேண்டும். அலெக்சாந்தர் காலத்தை ஒட்டிய வெள்ளி நாணயம் ஒன்றில், குதிரைவீரன் துரத்தும் யானைமேல் இருவர் அமர்ந்திருக்கிறார்கள், கோபுரம் இல்லை.

செய்முறையில் முதல் எதிரி பிளாஸ்டிக்கே. இச்சிறு வீரர்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவர்கள். பசையும் வண்ணமும் எளிதில் பிடிக்காது. சோப்பு நீரில் கழுவி, காயவைத்து, ப்ரைமர் பூசிய பிறகே அக்ரிலிக் வண்ணம் நிற்கும். வெட்டிய கைகால்களைப் பசையை மட்டும் நம்பி ஒட்டக் கூடாது. சுட்ட ஊசியால் துளையிட்டு மெல்லிய கம்பி செருக வேண்டும். ஆடை மடிப்புக்கும் கொண்டைக்கும் எம்-சீல் போன்ற எபாக்சி மாவைப் பிசைந்து, இறுகுமுன் ஈரக் குச்சியால் வடிக்கலாம். வளைந்த ஈட்டியைச் சுடுநீரில் முக்கி நிமிர்த்தி உடனே குளிர்நீரில் போட்டால் நேராகும்.

சான்று என்ன என்ற இதே கேள்வியைப் பழனி மலைக்குக் கொண்டுவந்தால் நிலைமை தலைகீழ்: பொருள் கிடைக்கிறது, வீரரின் தோற்றம் கிடைப்பதில்லை. அடிவாரத்தில் பழனிக்கு அருகே உள்ள பொருந்தலில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் அகழ்ந்தது. ஈமக்குழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. இரும்பு வாள்களும் மணிகளும் கிடைத்தன. மேலே, மலையிலுள்ள கற்திட்டைகளைச் செண்பகனூர் இயேசு சபைத் துறவி ஆங்கிலேடும் நியூட்டனும் ஆராய்ந்து 1928இல் நூலாக்கினர். மலைத்தொடருக்குத் தெற்கே வைகைப் பள்ளத்தாக்கின் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்துள்ள நடுகற்களில் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்தவனின் பெயரைச் சொல்கிறது; உருவத்தைக் காட்டவில்லை. ஆகவே இம்மலையடிவார வீரரைச் செய்பவர் இரும்பு வாளைத் தயங்காமல் கொடுக்கலாம். கொண்டையும் ஆடையும் கேடயமும் அனுமானம் என்று பொம்மையின் அடித்தட்டில் எழுதிவைக்க வேண்டும்.