மூடிய புத்தகத்தின் முகம்

கிண்டில் வாங்கிய முதல் வாரம். படித்ததை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அப்பா அதன்முன் நின்றுகொண்டிருக்கிறார். திரையில் வரிசையாகப் பென்சில்கள் படம்.

"ஏன்டா, அணைச்சுட்டுப் போகத் தெரியாதா? கரன்ட் என்னத்துக்கு ஆகும்?"

"அது தூங்குதுப்பா. அந்தப் படத்துக்குக் கரன்டே வேண்டாம்."

"தூங்குறது இப்படித்தான் கண்ணை முழிச்சுப் பாத்துட்டு இருக்குமா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் தலைமுறைக்குத் திரை என்றால் டிவி. படம் தெரிந்தால் மீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். நாமும் ஃபோனை அப்படித்தானே நினைக்கிறோம்?

இந்தக் கணக்கைக் கலைத்தவர்கள் எம்.ஐ.டி. மீடியா லேபில் இருந்தார்கள். பேராசிரியர் ஜோசப் ஜேக்கப்சன், மாணவர்கள் பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் ஆகியோரின் வேலையிலிருந்து 1997இல் இ-இங்க் நிறுவனம் பிறந்தது. விஷயம் எளிமையானது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்னக் குமிழ்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் திரவத்தில் மிதக்கும் வெள்ளை, கறுப்புத் துகள்கள். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். மின்புலம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் போகும். கரன்டை நிறுத்தினால்? நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கம் மாறும்போதுதான் திரைக்குச் செலவு, படிப்பது இலவசம்.

இந்தத் திரையோடு முதலில் கடைக்கு வந்த இ-ரீடர் சோனியின் லிப்ரியே. 2004, ஜப்பான். டிவி ரிமோட்டில் போடுவோமே, அந்த மாதிரிச் சின்ன பேட்டரி நான்கு போட்டால் பத்தாயிரம் பக்கம் புரட்டலாம் என்றார்கள். கவனியுங்கள், மணிக்கணக்கு இல்லை, பக்கக்கணக்கு. பேட்டரியைப் பக்கத்தால் அளப்பது எனக்கு இன்றைக்கும் பிடித்த யோசனை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. திரை அணையவே அணையாது என்றால், புத்தகம் மூடியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? உள்ளே பிராசஸர் ஓய்வுக்குப் போனாலும் வெளியே கடைசியாகப் படித்த பக்கம் அப்படியே நிற்கும். தட்டிப் பார்த்தால் அசையாது. கெட்டுப்போச்சு என்று நினைப்போம். அதனால் தூங்கப் போகும்போது வேறொரு படத்தை வரைந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். 2007இல் வந்த முதல் கிண்டில் ஜேன் ஆஸ்டின், எமிலி டிக்கின்சன் என்று எழுத்தாளர்களின் முகத்தை வரைந்தது. கோபோ கருவிகள் படிக்கும் புத்தகத்தின் அட்டையைக் காட்டி, தூங்குகிறேன் என்று எழுதியும் வைத்தன. கருவிக்குத் தேவையே இல்லாத படம். முழுக்க நமக்காக.

நமக்காக என்றால் விற்கவும் முடியும். 2011 ஏப்ரலில் 139 டாலர் கிண்டிலை 114 டாலருக்குத் தருவதாக அறிவித்தார்கள்; பதிலுக்குத் தூங்கும் முகத்தில் விளம்பரம். எழுத்தாளர்கள் இருந்த இடத்துக்கு விலை 25 டாலர். கரன்ட் செலவில்லாமல் நாள் முழுக்க மேஜைமேல் எரியாமல் எரியும் விளம்பரப் பலகை வேறு எங்கே கிடைக்கும்? வாங்கியவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானாக இருந்தாலும் 25 டாலரைத்தான் பார்த்திருப்பேன். விளம்பரமில்லாத கிண்டிலில் படிக்கும் புத்தகத்தின் அட்டையையே தூங்கும்போது காட்டும் வசதி 2021இல்தான் வந்தது.

அடுத்த மாதமே இன்னொரு கூத்து. நூக் புதுக் கருவிக்கு இரண்டு மாதம் சார்ஜ் நிற்கும் என்றார்கள். கிண்டிலுக்கு அதுவரை ஒரு மாதம் என்று போட்டிருந்தார்கள். உடனே அதுவும் இரண்டு மாதம் ஆனது. பேட்டரி மாறவில்லை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் படிப்பார்கள் என்று போட்ட கணக்கை, போட்டியாளர் மாதிரியே அரை மணி என்று மாற்றிக்கொண்டார்கள். வாசகன் குறைவாகப் படித்தால் பேட்டரி நீளும், அவ்வளவுதான்!

கவர் கதை இதற்கும் பழையது. 1998இல் வந்த சாஃப்ட்புக் கருவிக்குத் தோல் அட்டை உண்டு. திறந்தால் கருவி தானே விழிக்கும். கனமான எல்.சி.டி. திரை, அதிகம் விற்கவில்லை. ஆனால் புத்தகத்தைத் திறப்பதுதான் சுவிட்ச் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2011 மார்ச்சில் ஐபேட் 2வின் ஸ்மார்ட் கவர் அதைக் காந்தத்தால் செய்தது. 2012இல் கிண்டில் பேப்பர்வைட்டின் தோல் கவரும் அப்படியே. கவரின் ஓரத்தில் சின்னக் காந்தம், கருவிக்குள் அதை உணரும் சென்சார். அதன் அடிப்படையான ஹால் விளைவை எட்வின் ஹால் என்ற மாணவர் 1879லேயே கண்டுபிடித்துவிட்டார்.

கவர் போட்டால் சார்ஜ் மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு: பெரிதாக இல்லை. சும்மா விட்டாலும் கொஞ்ச நேரத்தில் அதுவே தூங்கிவிடும். சார்ஜைத் தின்பது வைஃபையும் முன்விளக்கும்தான். ஒரே நாளில் நூறு புத்தகம் ஏற்றினால் தேடலுக்காக அத்தனையையும் அட்டவணைப்படுத்தியும் தின்னும். ஏரோபிளேன் மோட் போட்டு, வெளிச்சத்தைக் குறைத்தால் போதும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டு ரொம்ப நாள் கவர் வாங்காமலே இருந்தேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்த வருஷம், பொடி எழுத்து ஆகவில்லை என்று அவர் படிப்பதையே நிறுத்தியிருந்தார். எழுத்தைப் பெரிதாக்கி என்னுடையதைக் கொடுத்தேன். இரண்டு நாளில் திரும்பி மேஜைக்கு வந்துவிட்டது. கண் காரணமில்லை. அடி விளிம்பில் இருக்கும் அந்தக் கடுகளவு பட்டன் விரலுக்குச் சிக்கவில்லை. சிக்கினால் அழுத்திப் பிடித்துவிடுவார், என்னென்னவோ கேட்கும், பயந்து வைத்துவிடுவார். "ஒவ்வொரு தடவையும் உன்னக் கூப்பிட்டு முழிக்க வைக்கணுமாடா?"

மலிவாக ஒரு ஸ்லீப் கவர் வாங்கிப் போட்டேன். திறந்தார். விட்ட பக்கம் வந்தது. மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். கவருக்குள் என்ன நடக்கிறது என்று ஓரமாகத் தூக்கி எட்டிப் பார்த்தார், ஃபிரிட்ஜ் லைட்டைப் பார்ப்பது மாதிரி.

இப்போது காலையில் காபியோடு ஒரு மணி நேரம் படிக்கிறார். மூடும்போது கவருக்கும் திரைக்கும் நடுவில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை வைக்கிறார். அதுவே பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது வெச்சுக்கட்டும்" என்றார்.