மைசூர் நாட்டில் பல்லியம்

பல கருவிகள் ஒருங்கு கூடி இசைப்பதைப் பண்டைத் தமிழர் ‘பல்லியம்’ என்றனர். இயம் என்பது இசைக்கருவி. பல இயங்கள் சேர்ந்தது பல்லியம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. மாதவியின் அரங்கேற்றத்தின்போது குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையின் பின் முழவும் அடியொற்றி நிற்க, ஆமந்திரிகை அவற்றொடு கூடுகின்றது. ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அனைவரின் தகுதிகளையும் இளங்கோவடிகள் அவ்விடத்தே வகுத்துரைக்கிறார். இயல், இசை, கூத்து என்னும் மூன்றும் ஒரே மேடையில் கைகோத்து நின்ற காட்சி அது.

பிற்காலத்துக் கருநாடக இசைக் கச்சேரியோ வேறு வகையில் வளர்ந்தது. பாடகர் ஒருவர் முன்னின்று கற்பனை செய்வார். பக்கவாத்தியக்காரர் அவரைப் பின்பற்றுவார். எழுதி வைத்த சுரங்களைப் பலர் கூடி ஒத்திகை பார்த்து இசைக்கும் முறை மிகவும் அருகியே இருந்தது. அம்முறை மேனாட்டாரின் தொடர்பால் மீண்டும் நம்மிடையே தலைகாட்டியது. அந்த வரலாற்றில் நாம் குடியேறி வாழும் இந்நாட்டிற்குப் பெரும்பங்கு உண்டு என்பதை நம் இளைஞர் பலர் அறியார். ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூற விரும்புகின்றேன்.

தொடக்கம் தஞ்சையில் நிகழ்ந்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் மேனாட்டுக் கருவிகளைக் கொண்ட வாத்தியக் குழு ஒன்றைத் தம் அரண்மனையில் வைத்துப் போற்றினார். அதே காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ‘நோட்டுச்சுரம்’ எனப்படும் அவை முப்பதுக்கும் மேற்பட்டன. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் பிடில் பயின்று அக்கருவியை நம் இசைக்கு உரியதாக்கினார். தீட்சிதரின் மாணாக்கர்களான தஞ்சை நால்வருள் வடிவேலு திருவிதாங்கூர் சென்றார். மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தது 1834-ஆம் ஆண்டில். மூத்தவரான சின்னையா, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் மைசூர் அரசவையை அடைந்தார். தஞ்சையின் ஆடற்கலை காவிரியை எதிர்த்து மேலேறி மைசூர் வந்த வழி இதுவேயாம்.

மைசூர் அரண்மனையில் பல்லியம் செழித்தது நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில். 1940-இல் மறைந்த அம்மன்னர் தாமே பல கருவிகளை வாசிக்க வல்லவர். மேனாட்டு வாத்தியக் குழு ஒன்றும் கருநாடக வாத்தியக் குழு ஒன்றும் அவருடைய அரண்மனையில் இருந்தன. ஜெர்மானியரான ஓட்டோ ஷ்மித் மேனாட்டுக் குழுவை நடத்தினார். வீணை சேஷண்ணா போன்ற பெரியார் வீணையோடு பியானோவும் பழகினர். அயல் இசையைக் கற்றதால் சேஷண்ணாவின் வீணை மரபு கெட்டுவிடவில்லை. மைசூர் வீணை பாணிக்கு அவரே தலைமகனாகப் போற்றப்படுகின்றார்.

இந்த அவைக்கே திருநெல்வேலிச் சீமையின் அரிகேசநல்லூரினரான முத்தையா பாகவதர் 1927-ஆம் ஆண்டையொட்டி வந்து சேர்ந்தார். அவர் பாடகர், சாகித்தியகர்த்தா; எல்லாவற்றிற்கும் மேலாக அரிகதை வல்லுநர். கதை, பேச்சு, பாட்டு, அபிநயம், தாளம் ஆகிய பல கலைகளையும் ஒருவரே ஒரு மேடையில் பிணைத்துக் காட்டும் கலை அரிகதை. தமிழராகிய அவர் மன்னரின் விருப்பத்திற்கிணங்கச் சாமுண்டேசுவரி அம்மையின்மீது 108 கன்னடக் கீர்த்தனைகளுக்கு இசை அமைத்தார். அவர் ஆக்கிய ‘இங்கிலீஷ் நோட்டு’, மாணாக்கர் மதுரை மணி ஐயரின் குரலில் தமிழகமெங்கும் பரவியது. பாகவதர் 1945-இல் மைசூரிலேயே உயிர் நீத்தார்.

இதற்கு மாறான திசையிலும் ஒரு பயணம் நிகழ்ந்தது. மைசூர் வாசுதேவாசாரியார் இளமையில் அரண்மனை உதவியுடன் திருவையாறு சென்று பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்தவர். முதுமையில் அவர் ருக்மிணி தேவியின் அழைப்பை ஏற்றுச் சென்னைக் கலாட்சேத்திரம் சென்றார். அங்கு இராமாயண நாட்டிய நாடகங்களின் முற்பகுதிகளுக்கு இசையமைத்தார். தொண்ணூறு வயதை எட்டிய ஒருவர், ஆடுவோர், பாடுவோர், கருவியிசைப்போர் ஆகிய அனைவருக்கும் பொருந்த இசை வகுத்த அருஞ்செயல் அது. பாகவதரை நாம் இந்நாட்டிற்கு அளித்தோம். ஆசாரியாரை இந்நாடு நமக்கு அளித்தது. கொடுத்ததும் கொண்டதும் சரியாகிவிட்டன.

நால்வடி மன்னருக்குப் பின் வந்த ஜயசாமராஜ உடையாரின் தொண்டு கடல் கடந்தது. அவர் இலண்டன் பில்ஹார்மோனியா இசைச் சங்கத்தின் முதல் தலைவராக 1948-இல் விளங்கினார். வறுமையிலும் நோயிலும் வாடிய உருசிய நாட்டு இசைமேதை மெத்னரின் படைப்புகள் இசைத்தட்டுகளாக வெளிவரப் பொருளுதவி செய்தார். ரிச்சர்டு ஸ்டிராஸ் இயற்றிய இறுதி நான்கு பாடல்கள் 1950 மே 22-இல் இலண்டனில் அரங்கேறியபோது அந்நிகழ்ச்சிக்குப் பொருட்பொறுப்பு ஏற்றவரும் இவரே. இங்ஙனம் மேனாட்டுப் பல்லியத்தைப் புரந்த அவர், தாமே தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட கருநாடகக் கீர்த்தனைகளை இயற்றினார். 1964 முதல் 1966 வரை சென்னை மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்து, 1974-இல் பெங்களூரில் மறைந்தார்.

மன்னராட்சி மறைந்தபின் கலைகளைப் புரப்பார் யார் என்னும் வினா எழுந்தது. பல்லியத்திற்கு இவ்வினா மிகக் கொடியது. தனிப் பாடகர் நால்வரோடு மேடை ஏறிவிடலாம். நாற்பது பேர் கூடிய குழுவோ ஒத்திகைக்கே பல நாள் உணவும் ஊதியமும் வேண்டி நிற்கும். அரசு வானொலி 1952-இல் ‘வாத்திய விருந்தம்’ என்னும் குழுவைத் தில்லியில் அமைத்து, இரவிசங்கரையும் டி. கே. ஜயராம ஐயரையும் அதன் பொறுப்பில் அமர்த்தியது. மைசூர் அரண்மனைக் குழுக்களின் வழிவந்த மரபைக் காவல்துறை வாத்தியக் குழுவினர் தசரா விழாவில் காத்து வருகின்றனர்.

பெங்களூரில் இவ்வரலாற்றின் நினைவுச் சின்னமாகச் சௌடையா மண்டபம் நிற்கின்றது. ஏழு தந்திப் பிடிலை அமைத்துப் புகழ் பெற்ற சௌடையா, செம்பை வைத்தியநாத பாகவதர் முதலிய வித்துவான்களுக்குப் பக்கம் வாசித்தவர்; 1967-இல் மறைந்தார். பிடிலின் வடிவிலேயே கட்டப்பெற்ற அம்மண்டபம் 1980-இல் எழுந்தது. பக்கவாத்தியக்காரர் ஒருவருக்கு ஒரு மாநகரம் எடுத்த இத்தகைய சிறப்பு அரிதினும் அரிது. இந்நகரிலேயே வாழும் பிடில் மேதை எல். சுப்பிரமணியத்தின் குடும்பம், யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து 1958-ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் சென்னைக்குப் பெயர்ந்த குடும்பம். அவர் இயற்றிய வேதகோஷக் கற்பனை 1985-இல் ஜூபின் மேத்தாவின் தலைமையில் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவினரால் இசைக்கப்பெற்றது. தந்தை இலட்சுமிநாராயணரின் நினைவாக 1992 முதல் அவர் நடத்தி வரும் உலக இசை விழாவில் பல நாட்டுக் கலைஞர் ஒன்று கூடினர். திருவாசகத்தை 2005-இல் ஹங்கேரி நாட்டுக் குழுவொடு இணைத்த இளையராஜாவின் முயற்சியும் இம்மரபின் கிளையேயாகும்.

இக்கலப்பை ஐயுறுவோரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எழுதிய சுரத்தை நாற்பது பேர் ஒரே வகையாக இசைக்கும்போது மனோதருமத்திற்கு இடம் குறைகின்றது. கமகத்தின் நுட்பங்கள் மழுங்குகின்றன. பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும் மேனாட்டு முறை, இராகத்தின் உருவை மறைத்துவிடவும் கூடும். ஆடலும் ஓவிய ஒளியும் சேருங்கால் செவிக்குரியதைக் கண் கவர்ந்துகொள்வதும் உண்டு. கற்றுத் தெளியாதார் கைப்பட்டால் கலப்பு வெறுங் கலவையாகவே முடியும். ஆயினும் தீட்சிதர், சேஷண்ணா, பாகவதர் ஆகியோர் தம் மரபில் வேரூன்றி நின்ற பின்னரே பிறர் இசையைத் தீண்டினர். வேர் உறுதியான மரத்திற்கே ஒட்டுக் கிளை பயன் தரும்.

இச்செய்தி இசைக்கு மட்டும் உரியதன்று. இந்நகரில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்ததும், 2009 ஆகஸ்டுத் திங்களில் இங்கே வள்ளுவரும் சென்னையில் சர்வக்ஞரும் சில நாள் இடைவெளியில் திறந்து வைக்கப்பெற்றதும் நம் நினைவில் உள்ளன. மொழியால் பிணங்கிய காலங்களிலும் இசை இரு நாட்டிற்கும் இடையே நடந்துகொண்டேதான் இருந்தது. பல்லியத்தில் குழல் யாழாகிவிடுவதில்லை, யாழ் முழவாகிவிடுவதில்லை. ஒன்று மற்றொன்றைச் செவி சாய்த்துக் கேட்கின்றது, அவ்வளவே. தமிழராய் வாழ்ந்து கன்னடக் கீர்த்தனைக்கு இசை தந்த அரிகேசநல்லூராரின் வழி அது. நம் பிள்ளைகளுக்குத் தமிழிசையை முறையாகக் கற்பிப்போம். அண்டை வீட்டாரின் பாடலைக் கேட்கவும் பழக்குவோம். ஆண்டு விழா மேடையில் அவ்விரண்டும் ஒருங்கே ஒலிக்குமாயின், நம் சங்கமே ஒரு பல்லியமாகும். வாழ்க தமிழ்! வளர்க இசை!